வருஷம் திரும்பாத வீடுகளுக்கு

‘தங்கள் நல்லாதரவை மேன்மேலும் நாடும்’ என்று சிவப்பில் அச்சடித்திருந்த வரியின் மேல் சந்தனமாரி முதல் கோட்டைப் போட்டாள். வழவழப்பான அட்டையில் பேனா வழுக்கிக்கொண்டு போய்க் கரும்புப் படத்தின் தோகையில் முட்டி நின்றது. போகட்டும், கோடு கோணலானால் என்ன, அந்த வரி ஒழிந்தால் சரி. பாத்திரக்கடைக்காரர் மேன்மேலும் நாடலாம், ஜவுளிக்கடைக்காரர் நாடலாம், மாவு மில்காரர்கூட நாடலாம், செத்தவர்களை வைக்கிற ஐஸ்பெட்டியை வாடகைக்கு விடுகிறவள் நாடினால் அதற்குப் பெயர் வாழ்த்தா? போன ஆனியில் உங்கள் வீட்டில் ஒருவரைக் கொண்டுபோனோம், இன்னும் ஆள் இருக்கிறார்களே, எங்களை மறந்துவிடாதீர்கள் என்று கேட்கிற மாதிரி இருக்காதா? நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக இருக்கும்போது சிரிக்கிற வழக்கம் அவளுக்கு உண்டு, வேறு எங்கே சிரிப்பது, போகிற இடத்திலெல்லாம் சிரிக்க முடியாத பிழைப்பு. கோட்டுக்கு மேலே இன்னொரு வரி இருந்தது, ‘இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்’. அதையும் அடிக்க வேண்டியதுதான். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புகிறவரை பொங்கல் கிடையாது, தீபாவளி கிடையாது, வாசலில் பெரிய கோலம் கிடையாது, பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட வாழ்த்துச் சொல்ல மாட்டார்கள். அவளுடைய இந்த வருஷத்து வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் பொங்கல் இல்லாதவர்கள், விதிவிலக்காக ஒரு வீடு கிடையாது. வெள்ளி விழா என்று வியாபாரிகள் சங்கத்தில் எல்லா உறுப்பினருக்கும் ஒரே மாதிரி நன்றி அட்டை அடித்தார்களே, இதை ஒருத்தராவது யோசித்தார்களா? யோசித்திருக்க மாட்டார்கள். பானை, கரும்பு, சூரியன், மஞ்சள் குலை, ஒன்று குறையவில்லை. கடைசியில் அட்டையில் அடிக்காமல் மிஞ்சியது ‘நன்றி’ என்ற ஒரு சொல்லும், அதன் கீழே கடைக்காரர் தன் கைப்பட எழுதுவதற்கு விட்ட வெற்றிடமும்தான். அது போதும், அது தாராளமாகப் போதும் என்று அவள் சத்தமாகவே சொன்னாள். முதுகுக்குப் பின்னால் பெட்டியின் மோட்டார் உறுமி நின்றது. காலையில் ஒரு வீட்டிலிருந்து திரும்பி வந்த பெட்டியைக் கழுவித் துடைத்து, குளிர் பிடிக்கிறதா என்று ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் அதைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் சங்கச் செயலாளர் செந்தூர்பாண்டி அண்ணாச்சி வந்தார். வந்தார் என்றால் தெருவில் நின்றார், படியில் கால் வைக்கவில்லை. சங்கக் கட்டடத்தின் முகப்பில் அவருடைய பாத்திரக்கடை, அதே கட்டடத்தின் மூலையில் இவள் அறை, நடுவில் இருப்பது ஒரு வளையல்கடையும் ஒரு அரிசிக்கடையும். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அவர் இவளிடம் பேசுவதென்றால் வெயில் தாங்காத ஆள் மாதிரிக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தே பேசுவார். “இந்தா பாரும்மா, தப்பா எடுத்துக்கிடாத. பிரஸ்காரன் எண்ணிப் பாக்காம உனக்கும் ஒரு கட்டு போட்டுட்டான். சாயங்காலம் நான் வாரேன், பிரிக்காம அப்படியே திருப்பிக் கொடுத்துரு” என்றார். நானும் உறுப்பினர்தானே அண்ணாச்சி, சந்தா கட்டியிருக்கேன்லா என்றாள். “யாரு இல்லன்னா? வருஷம் திரும்பாத வீட்டுக்குப் பொங்கல் கார்டு அனுப்புவாங்களா? அதுவும் நீ அனுப்பலாமா? தபால்காரன் கொண்டாந்து கொடுத்ததும் கடைப் பேரைப் பாத்தா பொம்பளைங்க அலறிற மாட்டாங்களா? கார்டுல சங்கத்துப் பேரு வேற கிடக்கு.” அதோடு விட்டாரா? போகிற போக்கில் சொல்கிற மாதிரிக் குரலைத் தழைத்துக்கொண்டு, “தையோட உன் ரூம் அக்ரிமெண்ட் முடியுது பாத்துக்க. கமிட்டியில நாலு பேரு நாலு விதமாப் பேசுதாங்க. உனக்காக நான் வாயத் தொறக்கணும்னா நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்லா” என்றார். அவர் பேசப் பேச அவள் அவரை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். உயரமான மனுஷன், சாதாரணப் பெட்டியில் கால் இடிக்கும், தலையணையை எடுத்துவிட்டால் சரியாக இருக்கும். சே. இந்தப் பாழும் கண் இப்படித்தான், யார் எதிரே நின்றாலும் அளந்துவிட்டுத்தான் ஓய்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளை அளக்கும், ரேஷன் கடைக்காரரை அளக்கும், ஒருநாள் கண்ணாடியில் தன்னையே அளந்துவிட்டு அன்றைக்கெல்லாம் சோறு இறங்காமல் கிடந்தாள். தனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், அது தெரியாமல் இருப்பதுதான் மனுஷருக்கு நல்லது. அண்ணாச்சி பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார். மிரட்டலை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல எங்கேதான் கற்றுக்கொள்கிறார்களோ.

இந்த அறை போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? வேறு எங்கே கொண்டு வைப்பது பெட்டியை? அறை கிடைக்கிறதற்கு முன்னால் கொஞ்ச நாள் அவளும் புருஷனும் வாடகை வீட்டு வராந்தாவில் வைத்திருந்தார்கள், தார்ப்பாய் போட்டு மூடி, மேலே பழைய சாக்குகளைப் போட்டு, பார்த்தால் தெரியாதபடிதான். தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு மாசமான பொண்ணு ஜன்னலைத் திறக்க மாட்டேன் என்கிறாளாம், மாடி வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் போகும்போது முதலில் கண்ணில் படுகிறதாம், வீட்டுக்காரர் வந்து, நீங்க தங்கமான மனுஷங்கதான், ஆனா அந்தச் சாமான் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாமானாம். அதற்கப்புறம் ஊர் முழுக்க அறை கேட்டு அலைந்ததை நினைத்தால் இப்போதும் கால் வலிக்கிறது. என்ன கடை என்று கேட்பார்கள், சொன்னதும் சாவி அவர்கள் மடிக்குள் போய்விடும். சங்கக் கட்டடத்தில் மூலை அறை யாரும் எடுக்காமல் ஒழுகிக்கொண்டு கிடந்ததனால் இவளுக்குக் கிடைத்தது. ஓட்டை அடைத்ததும், வெள்ளை அடித்ததும், தனி ஒயர் இழுத்ததும் இவர்கள். இப்போது ஒழுகவில்லை, அதனால் கமிட்டிக்குக் கண் தெரிகிறது. அதற்கும் முன்னால் என்ன வாழ்ந்தது? அவள் புருஷன் கொம்பையா ஐஸ் பாளம் போட்டுக்கொண்டிருந்தான், சர்பத் கடைகளுக்கும் ஜூஸ் கடைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும். ஒரு கோடையில் ஒரு பெரியவர் செத்து, மகன் துபாயிலிருந்து வருகிறவரை வைத்திருக்க வேண்டும், பாளம் கொடுப்பா என்று கெஞ்சினார்கள். கொடுத்தான், மனுஷன் கொடுக்காமல் இருப்பானா. மறுநாள் சர்பத் கடைக்காரர், அதே சாக்குல சுத்தின ஐஸாடே என்று கேட்டாரே, அன்றோடு முடிந்தது. இல்லை அண்ணாச்சி, புதுச் சாக்கு அண்ணாச்சி என்று கொம்பையா ஒவ்வொரு கடையாகப் போய்ச் சத்தியம் பண்ணிவிட்டு வந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது, அவர்களுக்கு வேண்டாமென்றால் போகட்டும், நாம் பெட்டியே வாங்குவோம் என்று சொன்னவள் இவள்தான். வீராப்பில் சொன்னாள். வீராப்பில் சொன்னதுதான் இத்தனை நாள் சோறு போடுகிறது, இன்றைக்கு மட்டும் எதற்கு வீராப்பை விட வேண்டும்?

முதல் அட்டை கிணற்றுத் தெரு டீச்சருக்கு. விலாசம் தேட வேண்டியதில்லை, ஒரு தடவை பெட்டி இறக்கிய வீட்டை அவளால் மறக்க முடிந்ததில்லை, கதவின் நிறம்கூட நினைவிருக்கும். பச்சைக் கேட், வாசலில் பன்னீர் மரம். டீச்சருடைய வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தபால் அதிகாரி, நாற்காலியில் பேப்பர் படித்தபடியே போய்விட்டார். பெட்டியைப் பொருத்திவிட்டு இவள் வழக்கம்போலத் தெருவுக்கு வந்து வேன் நிழலில் நின்றாள். பெட்டிக்காரி எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, பந்தலுக்கு வெளியே, செருப்புகளுக்கும் அப்பால், ஆனால் கரண்ட் போனால் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிற தூரத்தில். அப்படி நின்றவளுக்கு டீச்சர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். புருஷனைப் பறிகொடுத்து அரை நாள் ஆகவில்லை, தலைமுடி கலைந்து கிடக்கிறது, அழுது அழுது குரலே இல்லை, அந்த அம்மாள் உறவுக்காரர்களை விலக்கிக்கொண்டு தானே நாற்காலியைத் தூக்கி வந்து தெருவில் போட்டு, “எவ்வளவு நேரமா நிக்கீங்க, உக்காருங்க” என்றார். சந்தனமாரி உட்காரவில்லை. உட்கார்ந்தால் அழுதுவிடுவோம் என்று பயம், அடுத்தவர் வீட்டுச் சாவில் பெட்டிக்காரி அழுதால் நன்றாகவா இருக்கும். என்ன எழுதுவது? ‘தங்கள் துயரில் பங்கு கொள்கிறோம்’ என்று எழுதலாம், மாலைக் கடையிலும் அப்படித்தான் ரிப்பனில் எழுதுகிறார்கள். ‘தங்கள் வீட்டுச் சேவைக்கு வாய்ப்பளித்தமைக்கு’, ஐயோ, வாய்ப்பாம். பேனா மூடியைக் கடித்தாள். நன்றி என்கிற சொல்லே ஒரு மாதிரிச் சண்டித்தனம் பண்ணுகிறது. இந்த வியாபாரத்தில் அது இரண்டு பக்கமும் புழங்காத சொல். ஒருத்தரும் இவளுக்கு நன்றி சொன்னதில்லை, பெட்டியை ஏற்றும்போது எல்லோரும் வேறு திசையில் பார்ப்பார்கள், சீக்கிரம் போனால் தேவலை என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். அது நியாயம்தான், நம்மை மறந்துவிடுவதுதான் அவர்களுக்கு நல்லது என்று இத்தனை நாளும் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு வந்தாள். நியாயமாவது மண்ணாவது. நாற்காலி போட்ட கையை நான் மறந்தேனா? கையெழுத்து உருண்டை உருண்டையாக வந்தது, பத்தாம் வகுப்போடு நின்றுபோன கையெழுத்து. ‘நன்றி’க்குக் கீழே எழுதினாள்: அன்று தெருவில் எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டீர்கள். நான் உட்காரவில்லை. ஆனால் அதை நினைக்காத நாள் இல்லை. கடை முத்திரையை எடுத்து ஓரமாகக் குத்தினாள், சாந்தி குளிர்பெட்டி நிலையம். கொஞ்சம் யோசித்துவிட்டு முத்திரைக்குப் பக்கத்தில் தன் பேரையும் எழுதினாள். ஊரில் அவளுக்கு ஐஸ்பெட்டிக்காரி என்று பேர், சாந்திக்கா என்று கூப்பிடுகிற அப்பாவிகளும் உண்டு, சந்தனமாரி என்று ஒரு பேர் இருப்பது டீச்சருக்காவது தெரியட்டும்.

அதற்கப்புறம் கை ஓட ஆரம்பித்தது. தீப்பெட்டி ஆபீஸ் மேனேஜருக்கு ஒன்று. வேலைக்காரர்கள் வீட்டில் எங்கே சாவு விழுந்தாலும் அந்த ஆபீஸிலிருந்துதான் இவளுக்கு போன் வரும், அவர் ஒருத்தர்தான் போனிலேயே இவள் சாப்பிட்டாளா என்று விசாரிப்பார். எனக்கும் வயிறு உண்டு என்று நினைத்தீர்களே, நன்றி. முதியோர் இல்லத்து வார்டன் மேரி செல்வராணிக்கு ஒன்று, அங்கேதான் பேனா தடுக்கியது. அந்த இல்லம் அவளுடைய நிரந்தர வாடிக்கை. யாருக்காவது அந்த மேன்மேலும் வரி பொருந்துமென்றால் அங்கேதான் பொருந்தும், அடிக்காமல் விட்டால்கூட அது பொய்யில்லை. அதனால்தான் முதல் வேலையாக அந்த அட்டையில் இருமடங்கு அழுத்திக் கோடு போட்டாள், மை பின்பக்கம் தெரிகிற அளவுக்கு. அந்த வாசலில் வெயிலுக்கு உட்கார்ந்திருக்கிற கிழங்கள் வேன் உள்ளே நுழைந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு ஒருத்தரையொருத்தர் எண்ணுகிற மாதிரிப் பார்த்துக்கொள்வார்கள். ஒரு தடவை ஒரு தாத்தா, இன்னைக்கு எனக்கு இல்லையே என்று கேட்டு வாயெல்லாம் சிரித்தார். இல்ல தாத்தா, நீங்க இன்னும் சீட்டே எடுக்கல என்று அவள் சொல்லிவிட்டு வேனுக்குப் பின்னால் போய் நின்று மூச்சு வாங்கினாள். வார்டன் அம்மாள் மற்ற வீட்டார் மாதிரி ‘பாடி’ என்று சொன்னதே இல்லை. பெட்டி மூடியைத் திறப்பதற்கு முன்னால், இவங்க பேரு லெட்சுமியம்மா, நல்லா ஊறுகாய் போடுவாங்க என்று அறிமுகப்படுத்தி வைப்பார், ஏதோ விருந்துக்கு வந்தவர்களைக் காட்டுகிற மாதிரி. ஒவ்வொருவர் பேரையும் எனக்குச் சொன்னதற்கு நன்றி என்று எழுதினாள். எழுதும்போது ஊறுகாய் வாசனை வந்தது. இந்த அறையில் டெட்டாலும் ஊதுபத்தியும் நசுங்கின ரோஜாவும்தான் எப்போதும் வாசனை, ரோஜா என்றாலே இப்போதெல்லாம் குமட்டுகிறது, தலையில் வைத்து எத்தனையோ காலம் ஆயிற்று. அடுத்தது நந்தவனத் தெரு அண்ணன் தம்பி வீடு. அம்மா நடுக்கூடத்தில் கிடக்கிறாள், பெட்டி ஒயரை அண்ணன் பாகத்து ஸ்விட்சில் சொருகுவதா தம்பி பாகத்தில் சொருகுவதா என்று இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் இவள் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு, “ரெண்டு பேரும் சண்டைய முடிச்சிட்டுக் கூப்பிடுங்க, அதுவரைக்கும் அம்மா வேர்த்துக்கிட்டுக் கிடக்கட்டும்” என்று சொன்ன பிறகுதான் அடங்கினார்கள். இவர்களுக்கு எதற்கு நன்றி? தேடிப் பார்த்தாள். பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது கழுவக்கூட ஒரு வாளித் தண்ணீர் தரவில்லை. ஒன்றுமில்லாத இடத்தில் போய் நன்றி என்று எழுதினால் டீச்சருக்கு எழுதினது என்ன ஆவது? அந்த அட்டையை எடுத்து விசிறிக்கொண்டாள், காற்று நன்றாக வந்தது, அதற்காவது ஆயிற்று.

ஆனால் இதெல்லாம் சரிதானா என்று நடுவில் ஒரு பயம் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்டது. அண்ணாச்சி சொன்னதில் ஒன்று பொய்யில்லை. தபால்காரர் மணியடிக்கிறார், ஒரு பெண் ஓடி வந்து வாங்குகிறாள், குளிர்பெட்டி நிலையம் என்று பார்த்ததும் அவளுக்கு அந்த நாள் திரும்பி வரும், அந்த மோட்டார் சத்தம் வரும், கண்ணாடிக்குள் முகம் வரும். ஆறிக்கொண்டு வருகிற புண்ணை நான் எதற்குக் கிளற வேண்டும்? பேனாவை வைத்துவிட்டாள். எடுத்தாள். திரும்பவும் வைத்தாள். யாருக்கு ஆறுகிறது? அவளுடைய அப்பா செத்த வருஷத்துப் பொங்கலன்று என்ன நடந்தது? தெரு முழுக்கக் குலவைச் சத்தம், ஒவ்வொரு வீட்டிலும் பானை பொங்குகிறது, இவர்கள் வீட்டில் மட்டும் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு அம்மாவும் இவளும் பழைய சோற்றைப் பிழிந்து வைத்தார்கள். யாரும் வரவில்லை. வரக்கூடாது என்று வராமல் இருந்தார்கள், நல்ல எண்ணத்தில்தான், ஆனால் அன்றைக்கு யாராவது ஒரு ஆள், எந்தச் சனியனாவது, கதவைத் தட்டி அந்த மனுஷன் பேரைச் சொல்லியிருந்தால் அம்மா அப்படி உறைந்துபோய் உட்கார்ந்திருக்க மாட்டாள். அந்த வீடுகளுக்கு இந்த வருஷம் எவரும் அட்டை அனுப்பப் போவதில்லை. தபால்காரர் தாண்டிக்கொண்டு போவார். இவளுடையது ஒன்றுதான் வரும். அலறட்டும், அலறிவிட்டுப் படிக்கட்டும். படித்துவிட்டுக் கிழித்தால் கிழிக்கட்டும், அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு, செந்தூர்பாண்டிக்குக் கிடையாது.

கொம்பையா வேன் கழுவின கையோடு உள்ளே வந்து, எழுதி முடித்த அடுக்கைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். “ஏளா, அவரு திருப்பிக் கேட்டாருன்னியே” என்றான். ஆமா கேட்டாரு என்றாள். “பெறகு?” பெறகு என்ன, ஸ்டாம்ப் ஒட்டியாச்சு, கொண்டு போய்ப் போடுங்க. அவன் அட்டைகளைக் கையில் வாங்கிக்கொண்டு அவளையே பார்த்தான், அந்தப் பார்வையில் வராந்தாவும் தார்ப்பாயும் வீட்டுக்காரரும் ஊர் முழுக்க அலைந்த அலைச்சலும் இருந்தன. “ரூம் போயிட்டுன்னா திரும்பத் தெருத்தெருவா நாய் மாதிரி அலையணும்ளா” என்றான். அலைவோம் என்றாள். அவன் அட்டைகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனான். போனதிலிருந்து அவளுக்கு நிலைகொள்ளவில்லை. போடுவானா? நல்லவன்தான், நல்லவர்களை நம்பித்தான் எதையும் கொடுக்க முடியாது, அவர்களுக்கு இரக்கம் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. வேன் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, போட்டாச்சு என்று வந்து சொன்னால்? சொன்னால் தெரிந்துவிடும், பொய் சொல்லும்போது அவனுக்குக் காது சிவக்கும். அவளுக்காகச் சொல்கிற பொய்யாக இருக்கும், அதுதான் தாங்க முடியாது. தெருமுனையில் அவன் தலை தெரிகிறவரை அவள் மேஜையில் கிடந்த அட்டையைத் தொடவில்லை. வந்தான். “பொங்கல் கார்டா வந்து தபால்பெட்டி நெறஞ்சு கெடக்கு, உள்ளயே போகல. கையவிட்டுத் தள்ளிட்டு வந்தேன்” என்று முழங்கைச் சிராய்ப்பைக் காட்டினான். காது சிவக்கவில்லை. அவளுக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, பஜாரில் இதையெல்லாம் செய்ய முடியுமா, டீ குடிச்சிட்டு வாங்க என்று அனுப்பிவைத்தாள்.

கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. காலையிலிருந்தே அதைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டு வந்தாள். செந்தூர்பாண்டி அண்ணாச்சியும் அவளுடைய வாடிக்கையாளர்தான். ஆடியில் அவர் அம்மா போனார்கள், அந்த வீட்டுக்கும் வருஷம் திரும்பவில்லை, ஊருக்கெல்லாம் பொங்கல் அட்டை பங்கு வைக்கிற மனுஷன் வீட்டுக்கு ஒரு அட்டை வராது. நந்தவனத் தெருவுக்குச் சொன்ன நியாயம்தானே இவருக்கும், ஒன்றுமில்லாத இடத்தில் எழுதக் கூடாது. ஒன்றுமில்லையா? அன்றைக்கு அந்த வீட்டுப் பெண்கள், பெட்டிக்காரி நடைக்கு உள்ளே வர வேண்டாம், ஆம்பளையை அனுப்பு என்றார்கள். கொம்பையாவுக்கு இடுப்புப் பிடித்திருந்த நேரம். மருமகன்கள், சம்பந்திகள், பெரிய பெரிய மீசைகள், அத்தனை பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு தகவல் சொல்கிற பாவனையில் நின்றார்கள், ஒருத்தர் கையும் நீளவில்லை. அண்ணாச்சி சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, நீ உள்ள வாம்மா என்றார். தலைமாட்டை அவர் பிடித்தார், கால்மாட்டை இவள் பிடித்தாள், ஒரு பூனைக்குட்டி கனம்கூட இல்லை அந்த அம்மாள். உள்ளே படுக்க வைத்து மூடியைத் தூக்கினபோது அவர் சட்டென்று இவள் கையைப் பிடித்து நிறுத்தி, யாருக்கும் கேட்காத குரலில், “அம்மாவுக்குக் குளிருமாம்மா?” என்றார். பேரன் பேத்தி எடுத்த மனுஷன். கமிட்டியில் மேஜையைத் தட்டிப் பேசுகிற மனுஷன். குளிராது அண்ணாச்சி என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, போர்வை போட்டு விடுதேன் என்றாள், அந்த அம்மாள் கட்டிலில் கிடந்த பழைய நூல் போர்வையையே எடுத்துக் கழுத்து வரை போர்த்திவிட்டாள். அப்புறம் பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தெருவில் எதிரே வந்தவர் இவளைப் பார்த்ததும் வேறு யாருக்கோ பாத்திர விலை சொல்கிற மாதிரித் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இருக்கிறது. நான் என்ன, உன் அம்மாவைக் கொன்றவளா? உன் குரலைக் கேட்டவள், அவ்வளவுதானே? அதுதான். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஊரில் அந்தக் குரலைக் கேட்ட ஒரே ஆள் இந்த மூலை அறையில் உட்கார்ந்திருக்கிறாள், தினமும் கண்ணில் படுகிறாள், அவளைத் தூரத் தள்ளிவிட்டால் அந்தக் கேள்வியும் போய்விடும் என்று நினைக்கிறார். அது எங்கே போகும்? இவளிடம் அல்லவா இருக்கிறது. பேனாவை எடுத்தாள், வாழ்த்தை அடித்தாள், மேன்மேலும் வரியை அடித்தாள். எழுத எழுதக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு வந்தது, அது கோபத்தில்தான் வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்ததும் அண்ணாச்சி வந்தார். அதே இடத்தில் நின்றார். “எடுத்து வச்சிருக்கியாம்மா?” என்றார். “கட்டு தபாலுக்குப் போயாச்சு அண்ணாச்சி. ஒண்ணுதான் இருக்கு, அது உங்களுக்கு” என்றாள். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை, அட்டையை மேஜையின் அந்த ஓரத்தில் வைத்தாள். “வந்து எடுத்துக்கிடுங்க.” அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். அரிசிக்கடைக்காரர் மூட்டை தைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், வளையல்கடையில் இரண்டு பெண்கள் கழுத்தை நீட்டினார்கள். அண்ணாச்சி படியேறி வந்தார். அட்டையை எடுத்துக் கண்ணுக்கு எட்டப் பிடித்துப் படித்தார். அம்மாவுக்குக் குளிருமா என்று என்னிடம் கேட்டீர்கள். என்னிடம் கேட்டதற்கு நன்றி. அன்று உங்கள் அம்மாவை நாம் இரண்டு பேரும்தான் தூக்கினோம். இப்படிக்குச் சந்தனமாரி. படித்து முடித்தும் அவர் நிமிரவில்லை. “எங்க வீட்டுக்கு இந்த வருஷம் கார்டே வரல” என்றார், இவளிடம் சொல்கிற மாதிரி இல்லை. பிறகு செருமிக்கொண்டு பழைய அண்ணாச்சி ஆனார். “இருந்தாலும் சொன்னா கேக்கணும்லா. கமிட்டியில பேசத்தான் செய்வாங்க. நான் ஒருத்தன் என்ன செய்ய முடியும்?”

“பேசுங்க. பேசுத அன்னைக்கு நானும் வருவேன், எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. ரூமைப் பிடுங்கினா பெட்டியைத் தெருவுல வச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன் அண்ணாச்சி. தெருவுல இருந்தாலும் நீங்க எல்லாரும் தேடித்தான் வருவீங்க.”

 அவர் அட்டையைக் கிழிக்கவும் இல்லை, மேஜையில் திருப்பி வைக்கவும் இல்லை, கையில் பிடித்தபடியே திரும்பி, பேசாமல் படியிறங்கினார். அந்த முதுகைப் பார்த்ததும் சந்தனமாரி உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டாள்.

“அண்ணாச்சி!”

பஜாருக்கே கேட்டது. அவர் ஒரு கால் படியிலும் ஒரு கால் தெருவிலுமாக நின்றார்.

“துட்டி விழுந்த வீட்டுலதான் சொல்லாமக் கொள்ளாம எந்திரிச்சுப் போவாங்க. இது கடை. போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போங்க.”

அரிசிக்கடைக்காரர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு வாய் பிளந்து நின்றார். இந்த வாசலில் நின்று அந்த வார்த்தையை ஊரில் ஒருத்தரும் சொன்னது கிடையாது, சொன்னால் என்ன ஆகிவிடுமோ என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடப் பயம். அவள் கண்ணை எடுக்கவில்லை. அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த துண்டைத் தோளில் போட்டார்.

“போயிட்டு வாரேம்மா” என்றார்.

“நல்லது அண்ணாச்சி, போயிட்டு வாங்க” என்றாள் சந்தனமாரி, அரிசிக்கடை வரைக்கும் கேட்கும்படி.